கேன் வந்தது, தண்ணீர் வந்ததா?

2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் மறுபடி குழந்தைகளின் முகம் பார்த்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. ஏறத்தாழ 19 மாத இடைவெளி. நடுவில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகள் 2021 ஜனவரி 19 அன்று தொடங்கின. இரண்டாம் அலை வந்ததும் நின்றன. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை செப்டம்பர் 1 அன்று மீண்டும் தொடங்கின. ஒவ்வொரு திறப்பையும் ஒட்டி நன்கொடை வேண்டுகோள்கள் பறந்தன. முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்கள், அரிமா சங்கங்கள், ரோட்டரி சங்கங்கள், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் என்று பல பக்கமிருந்தும் பணம் வந்தது. கிராமத்து ஏழைப் பள்ளிக்கு முகக்கவசம், சானிடைசர், சோப்பு, நெற்றியில் காட்டிப் பார்க்கும் வெப்பமானி ஆகியவை வாங்கித் தருவதுதான் நோக்கம்.

கொடுத்தவர்களின் மனத்தை நான் எடைபோட வரவில்லை. வேலை இழந்த காலத்திலும் 100 ரூபாய் அனுப்பியவர்கள் உண்டு; அந்த ஈரத்துக்கு எந்த விமர்சனமும் பொருந்தாது. எடைபோட வேண்டியது வேறு. அந்தப் பணம் என்னவாக மாறியது, மாறிய பொருள் குழந்தையின் கைக்கு எத்தனை நாள் வந்தது, சொன்ன வேலையை அது செய்ததா? இன்னொரு தொற்று வந்தால் பழைய பட்டியலைத்தான் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவோம் என்பதால் இதை இப்போதே பேசிவிடுவது நல்லது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 120 பிள்ளைகள் படிக்கும் ஒரு நடுநிலைப் பள்ளி. ஒரு பிள்ளை ஒரு முறை கையில் ஊற்றிக்கொள்ள 3 மில்லி சானிடைசர் வேண்டும். அதற்குக் குறைந்தால் கை முழுக்க நனையாது. உள்ளே வரும்போது, இடைவேளையில், சாப்பாட்டுக்கு முன், பின், வீடு திரும்பும்போது என ஒரு நாளைக்கு ஐந்து முறை. 120 பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 1,800 மில்லி ஆகிறது. நன்கொடையாக வந்த ஐந்து லிட்டர் கேன் மூன்று நாள் முழுதாக வராது. 22 வேலை நாள் கொண்ட ஒரு மாதத்துக்கு ஏறக்குறைய 40 லிட்டர். 2020 மார்ச்சில் மத்திய அரசு நிர்ணயித்த உச்சவிலை 200 மில்லிக்கு 100 ரூபாய். அந்த விலையில் மாதம் 20,000 ரூபாய். மொத்தமாக வாங்கிப் பாதி விலைக்குக் கிடைத்தது என்று வைத்துக்கொண்டாலும் 10,000.

அதே பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அன்று வந்த பள்ளி மானியம், 101 முதல் 250 பிள்ளைகள் வரை உள்ள பள்ளி என்ற கணக்கில், வருடத்துக்கு 50,000 ரூபாய். அதில் குறைந்தது பத்து விழுக்காட்டைத் தூய்மைக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. அதாவது வருடத்துக்கு 5,000. சாக்பீஸ், பதிவேடு, மின்கட்டணம், பழுதுபார்ப்பு எல்லாம் மீதியில் அடங்க வேண்டும். இந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டு கேனும் நான்கு பெட்டி முகக்கவசமும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போன ஒரு நன்கொடை எவ்வளவு காலத்துக்கு உதவியிருக்கும் என்று யாரும் சொல்லிவிடலாம். முதல் வாரத்துக்கு உதவியது. அதற்குப் பிறகு?

அதற்குப் பிறகு கேன் பீரோவுக்குள் போனது. தலைமை ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. வந்த பொருளை இருப்புப் பதிவேட்டில் ஏற்றியாக வேண்டும். ஆய்வுக்கு வரும் அலுவலர் கேட்டால் காட்டியாக வேண்டும். தீர்ந்துவிட்டால் மறுபடி வாங்கக் காசில்லை. ஆகவே அது பார்வையாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் என்று சுருங்கிவிட்டது. தீப்பற்றும், வாய்க்குள் போனாலும் ஆபத்தாகும் பொருள் என்ற பயம் வேறு. அந்தப் பயம் வீண் அல்ல. 2021 ஜனவரி கடைசியில் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் போலியோ சொட்டு மருந்துக்குப் பதிலாக சானிடைசரைக் குழந்தைகளின் வாயில் விட்டு, 12 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் இதைக் கைக்கெட்டும் உயரத்தில் வைத்திருக்க எந்த ஆசிரியரும் தயங்கத்தான் செய்வார்.

இந்தப் பொருள்களை எதைச் சொல்லிக் கேட்டார்கள் என்பது இரண்டாவது விஷயம். வேண்டுகோள்களில் இருந்த வாசகம் பெரும்பாலும் ஒன்றுதான்: கொரோனாவிலிருந்து ஏழைக் குழந்தைகளைக் காப்போம். 2020 வசந்தத்தில் அப்படிச் சொன்னவர்களைக் குற்றம் சொல்லக்கூடாது. அன்றைக்கு உலகமே கதவுக் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தது. 2020 ஏப்ரலில் திருப்பூர்ச் சந்தை வாசலில் கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கப்பாதை வைத்தபோது ஊர் ஊராக அதைப் பின்பற்றினார்கள். அதே மாதத்தில் மத்திய சுகாதார அமைச்சகம், மனிதர்கள் மேல் கிருமிநாசினி தெளிப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று அறிவித்தது. அதற்குள் எத்தனையோ ஊர்களில் காசு கரைந்துவிட்டது.

ஆனால் ஒரு வருடத்தில் நிலைமை தெளிந்துவிட்டது. தொற்று முக்கியமாக மூச்சுக்காற்றில் பரவுகிறது என்பதை 2021 ஏப்ரல், மே மாதங்களில் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் தங்கள் பக்கங்களிலேயே திருத்தி எழுதின. கிருமி பட்ட ஒரு பரப்பைத் தொட்டுத் தொற்று வாங்கும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அதே அமெரிக்க மையம் 2021 ஏப்ரலில் மதிப்பிட்டது. 2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய நான்காவது ரத்தப் பரிசோதனை ஆய்வில் ஆறு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளில் 57.2 விழுக்காட்டினருக்கும், பத்து முதல் பதினேழு வயதினரில் 61.6 விழுக்காட்டினருக்கும் எதிர்ப்பாற்றல் கூறு இருந்தது. அந்த வயதினருக்குத் தடுப்பூசி அப்போது இல்லை. பெரும்பாலான பள்ளிகளும் மூடிக் கிடந்தன. அப்படியானால் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளை வீட்டிலும் தெருவிலும் தொற்று ஏற்கெனவே தொட்டுவிட்டது.

ஆகவே 2021 நவம்பரில் தொடக்கப் பள்ளிகள் திறந்தபோது, பெஞ்சுக்குப் பெஞ்சு ஹைப்போகுளோரைட் அடிக்கவும் சானிடைசர் வாங்கவும் நிதி கேட்டது பழைய அறிவை வைத்துக்கொண்டு கேட்டது. வெப்பமானியும் அப்படித்தான். காய்ச்சல் வருவதற்கு முன்பே பரவும் நோய் இது. குழந்தைகளில் பலருக்குக் காய்ச்சலே வரவில்லை. வாசலில் நெற்றியைக் காட்டிவிட்டு உள்ளே போகும் பிள்ளையைப் பார்த்துப் பெற்றோருக்கு மனம் ஆறியிருக்கலாம், நோய் அங்கே நிற்கவில்லை. காற்றுக்கு என்ன செய்தோம் என்பதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. துருப்பிடித்துத் திறக்க முடியாமல் போன ஜன்னல் கொக்கிகளை மாற்ற, ஓடாத மின்விசிறியைச் சரிசெய்ய, வேப்பமரத்தடியில் வகுப்பு நடத்த இரண்டு கரும்பலகையும் ஒரு கொட்டகையும் போட எந்த வேண்டுகோளாவது பணம் கேட்டதா? என் கண்ணில் படவில்லை. கிராமத்துப் பள்ளிக்கு நகரத்துப் பள்ளியைவிட ஒரே ஒரு வசதி கூடுதல் என்றால் அது திறந்த வெளி. அதைப் பயன்படுத்த ஆகும் செலவு மிகச் சிறியது. அது பட்டியலில் ஏறவே இல்லை.

அப்படியென்றால் கை கழுவுவது வீணா? இல்லை. இங்கேதான் எனக்கு இந்த முயற்சியின் மீது உண்மையான ஆதங்கம். சோப்புப் போட்டுக் கை கழுவுவதன் பலன் கொரோனாவைவிடப் பெரியது. கராச்சியின் குடிசைப் பகுதிகளில் ஸ்டீபன் லூபி குழுவினர் நடத்தி 2005இல் லான்செட்டில் வெளியான ஆய்வில், சோப்பு கொடுத்துக் கை கழுவும் பழக்கத்தை ஊக்குவித்த வீடுகளில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் நிமோனியாவும், பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களின் வயிற்றுப்போக்கும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. வயிற்றுப்போக்கு, குடல்புழு, சளி, காய்ச்சல் என்று ஒரு கிராமத்துப் பிள்ளை பள்ளிக்கு வராமல் போகும் நாள்களில் கணிசமானவை இந்தக் கணக்கில் வரும். தொற்று முடிந்தாலும் இவை முடியாது. கொரோனாவின் பெயரால் கேட்டதால் கொரோனாவோடு கொடுப்பது நின்றுபோனது. முகக்கவசம் கழன்ற அன்று சோப்பும் போய்விட்டது. பலன் அதிகமான பொருளுக்குத் தவறான காரணம் சொல்லி, அதன் ஆயுளைக் குறைத்துவிட்டோம் என்பது என் முதல் குற்றச்சாட்டு.

சோப்பு விலை கூடிய பொருளும் அல்ல. வங்கதேசத்தின் வயிற்றுப்போக்கு ஆராய்ச்சி நிறுவனத்தார் பரப்பிய எளிய முறை ஒன்று உண்டு: ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் 30 கிராம் சலவைத்தூளைக் கலந்து, மூடியில் ஓட்டை போட்டு வைத்துவிடுவது. ஒரு முறைக்கு ஒரு தேக்கரண்டி வீதம் 300 முறை கழுவலாம். நம் 120 பிள்ளைகள் நாளைக்கு மூன்று முறை கழுவினாலும் மாதத்துக்கு ஒரு கிலோ தூள் போதும். அங்கே சானிடைசருக்கு 10,000 ரூபாய். இங்கே ஒரு கிலோ சலவைத்தூளின் விலை. கட்டி சோப்பு கொடுத்த பள்ளிகளில் நடந்ததையும் சொல்ல வேண்டும். குழாயடியில் வைத்த சோப்பைக் காக்கை தூக்கிக்கொண்டு போகும். இல்லையென்றால் நனைந்து கரைந்து போகும். விவரம் தெரிந்த ஆசிரியர்கள் அதை வெங்காய மூட்டையின் வலைத்துண்டில் முடிந்து குழாயில் கட்டித் தொங்கவிட்டார்கள். பிள்ளைகள் வலையோடு சேர்த்துத் தேய்த்தார்கள். காக்கையும் கொண்டுபோகவில்லை, சோப்பும் இரண்டு மடங்கு நாள் வந்தது. நன்கொடைப் பட்டியல் தயாரித்த கூட்டங்களில் இந்த ஆசிரியர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டிருந்தால் பாதிப் பணம் மிஞ்சியிருக்கும்.

சோப்புக்குத் தண்ணீர் வேண்டும். எல்லாம் கடைசியில் இங்கே வந்துதான் முட்டிக்கொள்கிறது. 360 முறை கை கழுவ, குழாயைச் சிக்கனமாகத் திறந்தாலும் 200 லிட்டருக்கு மேல் வேண்டும். அதுவும் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கும் நண்பகல் நேரத்தில் வேண்டும். 2020 அக்டோபர் 2 அன்று ஜல் ஜீவன் இயக்கம் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் நூறு நாளில் குழாய் இணைப்பு தரும் திட்டத்தைத் தொடங்கியது. எல்லாப் பள்ளிகளுக்கும் இணைப்புக் கொடுத்தாயிற்று என்று அறிவித்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இணைப்பு வேறு, நண்பகலில் வரும் தண்ணீர் வேறு. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து எப்போது தண்ணீர் திறப்பது என்பது டேங்க் ஆபரேட்டரின் கையில் இருக்கிறது. காலை ஆறு மணிக்குத் தெருவுக்குத் திறந்து ஏழு மணிக்கு மூடினால், அந்த நேரத்தில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கு என்ன கிடைக்கும்? பள்ளிக்கென்று ஒரு சின்டெக்ஸ் தொட்டி இருந்து, அதன் மிதவை வால்வு ஒழுங்காக இருந்து, யாரும் கைப்பிடியை உடைக்காமல் இருந்தால்தான் பிள்ளைக்குத் தண்ணீர். 19 மாதம் மூடிக் கிடந்த வளாகங்களில் தொட்டிக்குள் பாசி படர்ந்தது, மோட்டார் இறுகிப்போனது, குழாய்கள் காணாமல் போயின. திறப்புக்கு முந்தைய வாரத்தில் பள்ளிக்குத் தேவைப்பட்டது ஒரு பிளம்பர். வந்தது பேனருடன் ஒரு வேன்.

கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றலாம். இதைவிடக் கடுமையாக இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சொல்லியிருக்கிறார். 2014இல் அறிவித்த தூய்மைப் பள்ளி இயக்கத்தில் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கழிப்பறைகளைக் கட்டியதாகக் கணக்குக் காட்டின. செலவு இரண்டாயிரம் கோடிக்கு மேல். தணிக்கைக் குழு 15 மாநிலங்களில் 2,695 கழிப்பறைகளை நேரில் போய்ப் பார்த்தது. 83 கட்டப்படவே இல்லை. கட்டியதாகக் காட்டிய 200 அந்த இடத்திலேயே இல்லை. இருந்தவற்றில் 72 விழுக்காட்டில் உள்ளே தண்ணீர் வரவில்லை. 55 விழுக்காட்டில் கை கழுவ எந்த வசதியும் இல்லை. முக்கால் பங்கில் தினசரி சுத்தம் செய்யும் ஏற்பாடு இல்லை. இந்த அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது 2020 செப்டம்பரில். நாடு முழுக்கக் கை கழுவு, கை கழுவு என்று தொலைபேசி அழைப்புக்கு முன்னால் குரல் ஒலித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில். இந்த நிறுவனங்களுக்குப் பணத்தட்டுப்பாடு இல்லை. மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் பராமரிக்க வேண்டும், அந்தச் செலவையும் சமூகப் பொறுப்பு நிதியிலேயே எழுதலாம் என்ற ஏற்பாடுகூட இருந்தது. இருந்தும் கட்டுவதோடு நின்றது. நன்கொடை என்பதன் பொதுவான பலவீனத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை: ஒரு நாளில் முடிகிற செலவுக்குக் கை தாராளமாக நீள்கிறது, தினம் தினம் வருகிற செலவுக்கு நீள்வதில்லை.

தினம் வருகிற செலவில் முதன்மையானது ஒரு மனிதரின் கூலி. கிராமத்து அரசுப் பள்ளியின் கழிப்பறையைக் கழுவுபவர் ஊராட்சி வழியாகச் சொற்பத் தொகை வாங்கும் பகுதிநேரத் தூய்மைப் பணியாளர். பெரும்பாலும் ஒரு பெண். அந்தத் தொகையும் மாதா மாதம் வருவதில்லை. தொற்றுக் காலத்தில் பள்ளி வளாகத்தைச் சுத்தமாக்கிய பளு முழுக்க இவர்கள் தலையிலும் தூய்மைக் காவலர்கள் தலையிலும் விழுந்தது. நிதி திரட்டியவர்களில் பலர் பெருமையோடு போட்டுக்கொண்ட வாக்குறுதி, உங்கள் பணத்தில் ஒரு ரூபாய்கூடச் சம்பளத்துக்குப் போகாது, முழுக்கப் பொருளாகவே போகும் என்பது. நேர்மையைக் காட்டத்தான் அப்படிச் சொன்னார்கள். ஆனால் பள்ளியின் சுகாதாரத்தை உண்மையில் தாங்கி நிற்பது அந்தச் சம்பளம்தான். அதைத் தீண்டமாட்டேன் என்று உறுதி கொடுத்துவிட்டு சுகாதாரம் பற்றிப் பேச முடியாது. இதை நான் சிறு குறையாக எண்ணவில்லை.

இதேபோல விடுபட்ட இன்னொன்று நாப்கின். தமிழ்நாட்டில் புதுயுகம் திட்டத்தின்கீழ் கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு மூன்று பொதி, பொதிக்கு ஆறு நாப்கின் இலவசம். படிக்கும் பெண்களுக்கு அது பள்ளி வழியாக வந்துகொண்டிருந்தது. பள்ளி மூடியதும் அந்த வழி அடைபட்டது. ஆரம்ப சுகாதார நிலையம், அங்கன்வாடி மூலம் கொடுக்கும் ஏற்பாடு எல்லா ஊரையும் எட்டவில்லை. சுகாதாரப் பொருள் என்று ஒரு பட்டியல் போட்டவர்கள், பள்ளியில் பாதிப் பிள்ளைகள் பெண்கள் என்பதை நினைத்துப் பார்த்திருந்தால் சானிடைசருக்கு முன்னால் இதை எழுதியிருப்பார்கள்.

யாருக்குக் கிடைத்தது என்ற கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்லத் தேவையில்லை. ஊரில் வாழ்கிற எல்லாருக்கும் தெரியும். சாலையோரத்துப் பள்ளிக்கு மூன்று சங்கங்கள் மூன்று முறை கொடுத்தன. முன்னாள் மாணவர்கள் நல்ல வேலைக்குப் போன பள்ளிக்கு வந்தது. ஜவ்வாது மலையிலோ கல்வராயன் மலையிலோ கடைசிப் பேருந்து நிறுத்தத்துக்கு அப்பால் இருக்கும் ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிக்கு யார் போனார்கள்? நன்கொடை தேவையைத் தேடிப் போவதில்லை, அறிமுகத்தைத் தேடிப் போகிறது. சட்டமும் இதற்கு உதவவில்லை. 2020 ஏப்ரலில் கம்பெனி விவகார அமைச்சகம், பிரதமரின் பிஎம் கேர்ஸ் நிதிக்குத் தரும் பணம் சமூகப் பொறுப்புச் செலவாக ஏற்கப்படும், முதலமைச்சர் நிவாரண நிதிக்குத் தந்தால் ஏற்கப்படாது என்று விளக்கம் சொன்னது. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டு, ஒரு அமைப்பு பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தருவது முற்றாகத் தடுக்கப்பட்டது. மலைக் கிராமங்களில் வேலை செய்யும் சிறு அமைப்புகள் பெரிய அமைப்புகளிடமிருந்து வாங்கித்தான் ஓடிக்கொண்டிருந்தன. தேவை உச்சத்தில் இருந்தபோது அந்த வாய்க்கால் அடைக்கப்பட்டது. இதற்கு ஊர் அளவில் நிதி திரட்டியவர்கள் பொறுப்பல்ல, அரசு பொறுப்பு.

இந்த முயற்சிகளுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது ஒன்று உண்டு, அதை மதித்தே ஆக வேண்டும். பள்ளி திறந்தால் பிள்ளையை அனுப்பலாமா என்று பெற்றோர் பயந்தார்கள். அனுப்பச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டியிருந்தது. வாசலில் முகக்கவசமும் கை கழுவும் ஏற்பாடும் கண்ணுக்குத் தெரிந்ததால் கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. பள்ளி மூடிக் கிடந்த காலத்தில் பையன்கள் செங்கல் சூளைக்கும் மில்லுக்கும் போனார்கள், பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தது. ஒரு பிள்ளை ஒரு வாரம் முன்னதாகப் பள்ளிக்குத் திரும்ப ஒரு கேன் சானிடைசர் காரணமாக இருந்ததென்றால் அந்தக் கேனுக்குக் கொடுத்த விலை வீணாகவில்லை. தண்ணீரே இல்லாத இடத்தில், குழாய் வரும்வரை, சானிடைசர்தான் கதி என்பதும் உண்மை. முகக்கவசத்தை நான் ஒரு படி மேலே வைப்பேன். காற்றில் பரவும் நோய்க்கு அது நேரான பதில். இவையெல்லாம் சேர்ந்து முதல் சில வாரங்களுக்கு இந்த முயற்சியை நியாயப்படுத்துகின்றன. அதற்கு அப்பால் நியாயப்படுத்தவில்லை.

வேறு எப்படிச் செய்திருக்க முடியும் என்று கேட்பவர்கள் வெளியே எங்கும் தேட வேண்டாம். 1950களின் பிற்பகுதியில் காமராசர் ஆட்சியில், பொதுக்கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் இந்த மாநிலத்தில்தான் நடந்தன. ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன குறை என்று முதலில் எழுதினார்கள். சுண்ணாம்பு அடிப்பதிலிருந்து கூடுதல் அறை வரை. பிறகு ஊரைக் கூட்டி அந்தப் பட்டியலைப் படித்தார்கள். எதை யார் ஏற்பது என்பது ஊர் முன்னால் முடிவானது. இன்றைக்கும் பல ஊர்களில் மேளதாளத்தோடு கல்விச் சீர் கொண்டுபோகிறார்கள். பீரோ, நாற்காலி, குடம், துடைப்பம், பக்கெட் வரை தாம்பாளத்தில் வைத்துத் தெருவழியாகத் தூக்கிப் போகிறார்கள். அதில் எனக்குப் பிடித்தது, கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஊர் என்பது. பிள்ளையை வரிசையில் நிறுத்தி, சோப்பைக் கையில் கொடுத்து, ஏழை என்ற அடையாளத்தோடு படம் எடுத்து அனுப்பும் வேலை அங்கே இல்லை. தொற்றுக் காலத்து நன்கொடைகளில் அந்தப் படங்கள் ஏராளம். முகக்கவசம் போட்டிருந்தாலும் அந்தக் குழந்தையின் கண்கள் தெரிகின்றன. கூச்சம் தெரிகிறது. அந்தப் படம் இல்லாமல் கொடுக்க முடியாதென்றால் அந்தப் பணத்தைப் பள்ளி வேண்டாம் என்று சொல்லலாம்.

ஊர் கூடும் வழியும் தொற்றுக் காலத்தில் அடைக்கப்பட்டிருந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். பள்ளிக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்கக்கூடிய சபை கிராம சபை. 2020 அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டங்களைத் தொற்றைக் காரணம் காட்டி அரசு ரத்து செய்தது. கேட்கும் இடம் இல்லாதபோது நன்கொடை அந்தக் கேள்வியின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அரசு செய்யத் தவறியதைச் சங்கம் செய்தது, சங்கத்துக்கு நன்றி சொல்லிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனோம். 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளித் திட்டத்தில் பள்ளியே தன் தேவையைப் பதிவுசெய்து, கொடுப்பவர் அதைப் பார்த்துக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது, வரவேற்கத் தக்கது. ஆனால் அதிலும் ஒரு கட்டடத்துக்கு ஆள் கிடைப்பதுபோல் ஒரு துப்புரவுப் பணியாளரின் மாதக் கூலிக்கு ஆள் கிடைக்கிறாரா என்பதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

என் தீர்ப்பு இது. தொற்றுக் காலத்தில் கிராமத்துப் பள்ளிகளுக்காக நிதி திரட்டியது சரி. முகக்கவசத்துக்கும் சோப்புக்கும் கொடுத்தது சரி. 2021 நடுப்பகுதிக்குப் பிறகும் சானிடைசருக்கும் வெப்பமானிக்கும் தெளிப்பானுக்கும் கொட்டியது தவறு. தெரிந்துகொள்ள வாய்ப்பு இருந்தும் தெரிந்துகொள்ளாத தவறு. தண்ணீரையும் ஜன்னலையும் நாப்கினையும் தூய்மைப் பணியாளரின் கூலியையும் பட்டியலுக்கு வெளியே வைத்தது அதைவிடப் பெரிய தவறு. தண்ணீரும் கூலியும் அரசின் கடமை. அதை நன்கொடை ஈடுகட்டக்கூடாது, ஈடுகட்டவும் முடியாது. நன்கொடையால் முடிந்தது, அரசு வரும்வரை ஒரு வருடம் தாங்கிப் பிடிப்பது, தாங்கிப் பிடித்தபடியே அரசைக் கேட்பது.

அடுத்த வேண்டுகோள் உங்கள் கைபேசிக்கு வரும்போது, அனுப்புவதற்கு முன் அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியரையோ பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு தாயையோ கூப்பிட்டுப் பேசுங்கள். நண்பகலில் குழாயில் தண்ணீர் வருகிறதா, கழிப்பறையை யார் கழுவுகிறார்கள், அவருக்குக் கடைசியாக எந்த மாதம் கூலி வந்தது என்று கேளுங்கள். ஒரே தடவையில் கொடுக்க நினைத்த தொகையைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதா மாதம் கொடுங்கள். அடுத்த கிராம சபைக்கு ஊரில் இருக்கும் ஒருவரை மனுவோடு அனுப்புங்கள். தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.